வண்டிச் சாவி கேட்கும் வயது: 16 முதல் 19 வரை உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் எப்படியும் ஒரு நாள் இந்தப் பேச்சு வந்துவிடும். டியூஷன் தூரம், பஸ் நேரத்துக்கு வருவதில்லை, கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் வண்டியில் வருகிறார்கள். தமிழ்நாட்டில் இந்த வயதில் 'வண்டி' என்றால் பெரும்பாலும் இருசக்கர வாகனம்தான் என்பதால் அதைப் பற்றியே இங்கே அதிகம் இருக்கிறது. பிள்ளைகள் கேட்பதும் பெற்றோர் கேட்பதும் கலந்தே வரும்.

என் மகளுக்கு 16 முடிந்துவிட்டது. டியூஷனுக்கு ஸ்கூட்டி ஓட்டிப் போகலாமா?

சட்டப்படி அநேகமாக முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-வது பிரிவு, 16 வயது முடிந்தவர்கள் 50 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளை ஓட்டலாம் என்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் குறைந்தது 18 வயது ஆக வேண்டும். இது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். ஓசூரில் தயாரான டி.வி.எஸ். 50 தெருவுக்குத் தெரு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இன்று ஷோரூமுக்குப் போனால் எக்ஸ்.எல். 100 கிட்டத்தட்ட 100 சி.சி., ஆக்டிவா 110 சி.சி. பக்கம். 50 சி.சி. பெட்ரோல் வண்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், 16 வயதில் வீட்டாரின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு 'கியர் இல்லாத வண்டி' என்ற வகையில் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வாங்க முடியும். அந்தத் தாளைப் பார்த்து, கியர் இல்லாத எந்த ஸ்கூட்டரையும் ஓட்டலாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 50 சி.சி. வரம்பு அப்படியேதான் இருக்கிறது. விபத்து என்று வந்து காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் கேள்வி கேட்கும்போது அந்த வரம்பு முதலில் வெளியே வரும்.

பேட்டரி ஸ்கூட்டருக்கு உரிமமே வேண்டாம் என்று கடைக்காரர் சொல்கிறாரே?

சில வண்டிகளுக்கு அது உண்மை. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் சட்டம் அதை மோட்டார் வாகனமாகவே கணக்கில் எடுப்பதில்லை. பதிவெண்ணும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். ஓலா, ஏத்தர், ஐக்யூப் மாதிரி வேகமாகப் போகிறவை இந்தக் கணக்கில் வராது. அவற்றுக்குப் பச்சை நம்பர் பிளேட், காப்பீடு, உரிமம் எல்லாம் உண்டு.

மெதுவாகப் போகும் வண்டியை வாங்கிவிட்டு வேகப் பூட்டை எடுத்துத் தருகிற மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். பூட்டை எடுத்த நிமிடமே அது பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. மணிக்கு 25 கிலோமீட்டருக்காகச் செய்த பிரேக்கும் சட்டகமும்தான் அதில் இன்னும் இருக்கின்றன. பையன் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பிள்ளை பிடிபட்டால் அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம்தானே?

2019 வரை அப்படி நினைத்ததில் கொஞ்சம் நியாயம் இருந்தது. அந்த ஆண்டுத் திருத்தத்தில் 199ஏ என்ற பிரிவு வந்தது. 18 வயது ஆகாதவர் இந்தச் சட்டப்படி குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது காப்பாளரும் வண்டியின் உரிமையாளரும் குற்றவாளிகளாகக் கருதப்படுவார்கள். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை உரிமம் கிடைக்காது. தனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான் என்றால் அதைப் பெற்றோர்தான் நிரூபிக்க வேண்டும், சம்மதத்தோடு கொடுத்ததாகத்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அந்த வகை வண்டிக்கு எல்.எல்.ஆரோ உரிமமோ வைத்திருந்த பிள்ளைக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

என்னைக் கேட்டால் 25,000 ரூபாயை விடப் பெரிய பயம் காப்பீட்டில் இருக்கிறது. உரிமம் இல்லாதவர் ஓட்டி இன்னொருவருக்கு அடிபட்டால், காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்கலாம். அல்லது நீதிமன்றம் சொல்கிறபடி பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலிக்கலாம். சம்பாதிக்கும் வயதில் ஒருவர் இறந்தால் இழப்பீடு பல லட்சங்களில் வரும். வண்டி அம்மா பெயரில் இருந்தால் அந்தக் கடன் அம்மாவுடையது.

2024 மே 19 அன்று புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார், பைக்கில் போன இரண்டு இளம் மென்பொருள் ஊழியர்களைக் கொன்றது நினைவிருக்கும். அன்றே அவனுக்கு ஜாமீன் கிடைத்ததும், 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொன்னதும்தான் நாடு முழுக்கப் பேச்சானது. அதன் பிறகு அவனுடைய அப்பா கைதானதைச் சொல்கிறவர்கள் குறைவு.

நாங்கள் எல்லாம் 14 வயதிலேயே அப்பா வண்டியை ஓட்டினோமே. ஒன்றும் ஆகவில்லையே?

ஒன்றும் ஆகாதவர்கள்தான் இன்று இருந்து இதைச் சொல்கிறார்கள். சாலையும் அன்றைய சாலை இல்லை. ஊருக்கு நடுவில் போன ஒற்றை வழித் தார்ச்சாலை நான்கு வழியாகிவிட்டது. ஊரும் அதே இடத்தில்தான் இருக்கிறது, அதனால் பால் வாங்கப் போகிறவரும் கேரளா போகிற கன்டெய்னர் லாரியும் ஒரே திருப்பத்தில் சந்திக்கிறார்கள். 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாகின. இந்தியாவில் எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. 17,884 பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் அந்த ஆண்டு இறந்த 1,68,491 பேரில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வண்டியைக் கையாள்வது சின்ன வேலை. சைக்கிள் ஓட்டத் தெரிந்த பிள்ளை ஒரு வாரத்தில் ஸ்கூட்டரை அழகாக ஓட்டும், பெற்றோர் அதைப் பார்த்து 'நல்லா ஓட்டுறான்' என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். நிறுத்தியிருக்கும் ஆட்டோவின் முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பியிருந்தால் அது கிளம்பப்போகிறது, பந்து உருண்டு வந்தால் பின்னாலேயே குழந்தை வரும், பஸ் நின்றால் அதன் முன்னாலிருந்து ஆள் குறுக்கே வருவார் என்பதெல்லாம் கைக்கு வருவதல்ல, கண்ணுக்கு வருவது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். இந்தப் பக்கத்தில் வரும் பல பதில்களுக்கும் அடியில் இருப்பது இந்த இடைவெளிதான்.

எல்.எல்.ஆர். வாங்கியாச்சு. இனி தனியாகப் போகலாமா?

எல்.எல்.ஆர். என்பது கற்றுக்கொள்ளும் அனுமதி. 6 மாதம் செல்லும். வாங்கி 30 நாள் ஆன பிறகுதான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். இருசக்கர வாகனத்தில் உரிமம் உள்ள பயிற்சியாளரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. தங்கையையும் கூடாது, பாட்டியையும் கூடாது. கார் என்றால் உரிமம் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்புறம், ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போட்டுவிட்டால் ஓட்டத் தெரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கால் ஊன்றாமல் எட்டு போடத் தெரிந்தால் மெதுவான வேகத்தில் சமநிலை இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். அங்கே எதிரில் யாரும் வருவதில்லை.

அப்படியானால் வீட்டில் எப்படிப் பழக்குவது?

நியூசிலாந்து 1987-இல் ஒரு முறையைக் கொண்டுவந்தது. புது ஓட்டுநருக்கு முழு உரிமத்தையும் ஒரே நாளில் கொடுப்பதில்லை. முதலில் மேற்பார்வையில் ஓட்ட வேண்டும், அப்புறம் தனியாக, ஆனால் இரவில் கூடாது, நண்பர்களை ஏற்றக் கூடாது, கடைசியில்தான் எல்லாம். அமெரிக்க மாநிலங்களும் ஆஸ்திரேலியாவும் பின்னால் இதே வழிக்கு வந்தன. நம் சட்டத்தில் இது இல்லை. 18-வது பிறந்தநாள் கழிந்து உரிமம் கைக்கு வந்துவிட்டால் அன்று இரவே ஈ.சி.ஆரில் புதுச்சேரி வரை போகலாம், யாரும் தடுக்க முடியாது.

அதனால் அந்தப் படிகளை வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது. முதல் சில வாரம் பகலில், தெரிந்த தெருக்களில், பெரியவர் பின்னால் உட்கார்ந்தோ இன்னொரு வண்டியில் கூட வந்தோ பழகட்டும். அடுத்து தனியாக, ஆனால் ஒரே ஒரு பாதை: வீட்டிலிருந்து கல்லூரி, கல்லூரியிலிருந்து வீடு. கூட்ட நேரத்திலும் அந்தப் பாதை பழகிய பிறகு மழையும் இரவும். நெடுஞ்சாலை கடைசி. நண்பனைப் பின்னால் ஏற்றுவது அதற்கும் பிறகு.

பின்னால் உட்கார்ந்து போகும்போது 'பார்த்து, பார்த்து' என்று கத்தாதீர்கள். 'இப்ப எதைப் பாத்துக்கிட்டு வர்ற?' என்று கேளுங்கள். முன்னால் போகும் வண்டியை மட்டும்தான் பார்க்கிறான் என்று தெரிந்தால், அதற்கும் முன்னால் போவது யார், இடப்பக்கச் சந்திலிருந்து யார் எட்டிப் பார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். பிள்ளைக்கு எரிச்சல் வரும். வந்தால் வரட்டும்.

ஒன்று மட்டும் கொஞ்சம் கசப்பாக இருக்கும். அப்பா ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, சிக்னலில் போலீஸ் நின்றால் மட்டும் தலையில் கவிழ்க்கிறவராக இருந்தால், மேலே சொன்ன எதுவும் வேலைக்கு ஆகாது. பத்துப் பதினைந்து வருடமாகப் பின்னால் உட்கார்ந்து பிள்ளை பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறது.

ஹெல்மெட் போட்டால் வியர்க்கிறது, முடி கொட்டுகிறது, கழுத்து வலிக்கிறது. தெருமுனைக்குக் கூடப் போட வேண்டுமா?

ஆமாம், தெருமுனைக்கும்தான். மணிக்கு 30 கிலோமீட்டரில் விழுந்தாலும் தலை போய் மோதுவது சாலையோரக் கல்லில். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஹெல்மெட் உயிரிழக்கும் வாய்ப்பைச் சுமார் 40 சதவீதமும், தலைக்காயத்தைச் சுமார் 70 சதவீதமும் குறைக்கிறது. 2022-இல் இந்தியாவில் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதோடு ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜூன் முதல் அந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம், ஆனாலும் பிளாட்பாரத்தில் 200 ரூபாய்க்குத் தொப்பி விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். போட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. கன்னம் லேசாக அழுந்த வேண்டும். நாடாவுக்கும் தாடைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தால் போதும். நாடா மாட்டாத ஹெல்மெட் உங்களுக்கு முன்னால் பறந்து போய் விழும். ஒரு தடவை நன்றாக அடிபட்டதை, வெளியே கீறல்கூட இல்லை என்றாலும், மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் அடுக்கு நசுங்கித்தான் தலையைக் காப்பாற்றுகிறது, அது ஒரு தடவைதான் நசுங்கும்.

முடிக்கு: உள்ளே பருத்தித் துணி கட்டிக்கொள்ளுங்கள், ஹெல்மெட்டின் உள்துணியைக் கழற்றித் துவையுங்கள். ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். உரிமத்தை 3 மாதம் நிறுத்திவைக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

40-ல் போவதற்கும் 60-ல் போவதற்கும் அப்படி என்ன வித்தியாசம்? 20 கிலோமீட்டர்தானே?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆபத்தைக் கண் பார்த்து கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொள்வோம். 40-ல் போகிறவர் அந்த நேரத்தில் 17 மீட்டர் கடந்துவிடுவார். பிரேக் பிடித்த பிறகு, காய்ந்த தாரும் நல்ல டயரும் இருந்தால், இன்னும் 9 மீட்டர். ஆக 26 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 60-ல் போகிறவர் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 25 மீட்டர் போயிருப்பார். அதாவது முதல் ஆள் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது ஆள் அப்போதுதான் பிரேக் பிடிக்க ஆரம்பிக்கிறார். அவர் நிற்பதற்கு இன்னும் 20 மீட்டர் வேண்டும். நடுவில் நாய் இருந்தாலும் பாட்டி இருந்தாலும் மோதுகிற வேகம் கிட்டத்தட்ட முழு 60. மழையில் பிரேக் தூரம் இரட்டிப்பாகக்கூடும்.

முன்வண்டியோடு இடைவெளி எவ்வளவு விட வேண்டும் என்பதற்கும் ஒரு எளிய வழி உண்டு. முன்னால் போகும் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது மனசுக்குள் 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்களும் அந்தக் கம்பத்தைத் தாண்டிவிட்டால் ரொம்ப நெருங்கிப் போகிறீர்கள். சென்னையில் அந்த இடைவெளியில் ஒரு ஆட்டோ நுழையும் என்பீர்கள். நுழையட்டும், திரும்பவும் இடைவெளி விடுங்கள்.

முன் பிரேக் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்கிறார்களே?

வெடுக்கென்று பிடித்தால்தான். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது, அதனால் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவரின் வண்டி நிற்காது, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். இரண்டையும் சேர்த்து, முதலில் மென்மையாகவும் பிறகு அழுத்தியும் பிடிக்கப் பழக வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற வண்டிகளில், 125 சி.சி. வரை உள்ளவற்றில் ஒரு பிரேக்கைப் பிடித்தாலே இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும் சி.பி.எஸ். இருக்கும், அதற்கு மேல் உள்ளவற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருக்கும். பழைய வண்டியை வாங்கிக் கொடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காலியான மைதானத்தில் 20, 30, 40 வேகத்தில் திடீரென்று நிறுத்திப் பழகுங்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, எட்டு மட்டும்தான் சொல்லித் தருகிறார்கள்.

மழைக்காலத்தில் எதற்குப் பயப்பட வேண்டும்?

முதல் மழைக்கு. மாதக்கணக்கில் சாலையில் சேர்ந்த எண்ணெயும் தூசியும் முதல் தூறலில் வழவழப்பாகிவிடும். பலத்த மழையில் அது கழுவிப் போன பிறகு பிடிப்பு கொஞ்சம் தேவலை. ஜீப்ரா கோட்டின் வெள்ளைப் பெயின்ட், பாதாளச் சாக்கடை மூடி, பாலத்தின் இரும்புப் பட்டை, தண்டவாளம் ஆகியவற்றின் மேல் சாய்ந்து திரும்பாதீர்கள், பிரேக்கும் பிடிக்காதீர்கள். தண்ணீர் தேங்கிய இடத்தில் ஆழம் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் நேற்று இல்லாத பள்ளம் இன்று இருக்கும்.

டெல்டா பக்கம் வேறு ஒரு சங்கதி. அறுவடை நேரத்தில் சாலையில் பாதியை அடைத்து நெல் காயவைத்திருப்பார்கள், வேறு ஊர்களில் சோளமும் கொள்ளும் கிடக்கும். மேலே ஏறினால் சக்கரம் கோலிக்குண்டு மேல் போவதுபோல் வழுக்கும். ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள், இருட்டில் அந்தக் கல்தான் ஆபத்து.

ராத்திரியில்?

பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர், ஓரத்தில் நிறுத்திய லாரி, நடுச்சாலையில் படுத்திருக்கும் மாடு. எதிர் வண்டியின் ஹை பீம் கண்ணில் அடித்த சில வினாடிகளுக்கு இவை எதுவுமே தெரியாது. அப்போது வேகத்தைக் குறைத்து, சாலையின் இடது ஓரக்கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். பதிலுக்கு ஹை பீம் அடித்தால் கண் தெரியாதவர்கள் இரண்டு பேர் எதிரெதிரே வருவார்கள், அவ்வளவுதான் லாபம்.

நண்பர்களோடு ட்ரிபிள்ஸ் போவது, வீலிங், ரீல்ஸ்?

ட்ரிபிள்ஸுக்கு 1,000 ரூபாய் அபராதமும் உரிம நிறுத்தமும் உண்டு. அது ஒரு பக்கம் இருக்கட்டும். மூன்றாவது ஆள் ஏறியதும் ஓட்டுகிறவர் பெட்ரோல் டேங்க் மேல் நகர்ந்துவிடுகிறார், கை மடங்குகிறது, திருப்ப இடமில்லை, பிரேக் தூரமும் கூடிவிடுகிறது. சமவயது நண்பர்கள் கூட இருக்கும்போது பதின்வயதினர் அதிக ஆபத்துக்குத் துணிகிறார்கள் என்பதை ஆய்வுகளும் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பின்னால் இருக்கிறவன் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலே போதும்.

வீலிங் பற்றி: 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கிய ஒரு பிரபல யூடியூபர் விழுந்து கை முறிந்தார், கைதானார், அவருடைய உரிமம் 10 ஆண்டுக்கு ரத்தானது. லட்சக்கணக்கில் விலையுள்ள பைக், முழுப் பாதுகாப்பு உடை, வருடக்கணக்கான பழக்கம் எல்லாம் இருந்தவர் அவர். ரீல்ஸ் பார்த்துவிட்டு அப்பாவின் ஸ்பிளெண்டரில் முயல்கிறவரிடம் இதில் எதுவும் இல்லை.

பின்னால் உட்கார்ந்தவருக்குப் பயமாக இருந்தால் 'எனக்கு வாந்தி வருது, நிறுத்து' என்று சொல்லி இறங்கிவிடலாம். 'மெதுவா போடா' என்றால் கேட்காதவன் வாந்திக்கு நிறுத்துவான்.

போன் வந்தால் ஹெல்மெட்டுக்குள் செருகிப் பேசலாமா?

கூடாது. 50-ல் போகும்போது 3 வினாடி திரையைப் பார்த்தால் 40 மீட்டருக்கு மேல் பார்க்காமலே ஓட்டியிருப்பீர்கள். பேச்சு காதில் நடந்தாலும் கவனம் அங்கே போய்விடுகிறது. வழி தெரியவில்லை என்றால் கிளம்பும் முன்பே பாதையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை வண்டியில் இருக்கும் நேரம் என்று தெரிந்தால் 'எங்கடா இருக்க' என்று கூப்பிடாதீர்கள். பல அழைப்புகள் வீட்டிலிருந்துதான் வருகின்றன.

பஸ், லாரிப் பக்கத்தில் எப்படிப் போவது?

பக்கத்தில் போகவே கூடாது. பின்னால் இருங்கள், அல்லது தாண்டிப் போய்விடுங்கள். லாரியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்கள் அவருக்குத் தெரியவில்லை. மோசமான இடம் இடப்பக்கம். சிக்னலில் டிப்பர் லாரி நிற்கிறது, இடதுபுறம் சந்து மாதிரி இடைவெளி இருக்கிறது, ஸ்கூட்டர் நுழைகிறது, பச்சை விழுந்ததும் லாரி இடதுபக்கம் திரும்புகிறது. திரும்பும்போது லாரியின் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த இடைவெளி அப்படியே மூடிவிடும். பஸ்ஸின் இடப்பக்கம் என்றால் இறங்குகிறவர்கள் மேல் மோதுவீர்கள்.

அழகுக்காக இரண்டு பக்கக் கண்ணாடியையும் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களுக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

கொல்லிமலைக்கு நண்பர்களோடு பைக்கில் போகலாம் என்றிருக்கிறோம்.

உரிமம் வாங்கி எத்தனை மாதம் ஆயிற்று? கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைப் பாதையில் 40. ஏறுவதை விட இறங்குவதுதான் சோதனை. நியூட்ரலில் போட்டு எஞ்சினை அணைத்துப் பெட்ரோல் மிச்சம் பிடிக்காதீர்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் அந்த வசதி குறைவு, முழுக்க பிரேக்கை நம்பியே இறங்க வேண்டும், நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். நடுநடுவே நிறுத்தி ஆறவிடுங்கள். ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. வளைவில் ஹாரன் அடித்துவிட்டு உங்கள் பக்கத்திலேயே இருங்கள். பஸ் திரும்புவதற்கு முழுச் சாலையும் வேண்டும்.

18 ஆகிவிட்டது, கார் கற்றுக்கொள்கிறேன். பெல்ட் முன்னால் இருப்பவர்களுக்கு மட்டும்தானே?

எல்லாருக்கும். 2022 செப்டம்பர் 4 அன்று டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் இறந்தது நல்ல பென்ஸ் காரின் பின் இருக்கையில், பெல்ட் போடாமல். பெல்ட் இல்லாமல் பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவர் மேலேயே வந்து மோதுவார். நண்பர்கள் ஏறினால் எல்லாரும் மாட்டும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

விபத்தைப் பார்த்தாலோ, நானே மோதிவிட்டாலோ என்ன செய்வது?

முதலில் 108. இடத்தின் பெயரோடு பக்கத்தில் தெரியும் கடை, கிலோமீட்டர் கல் எதையாவது சொல்லுங்கள். அடிபட்டவர் மயக்கத்தில் இருந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். கழுத்தை அசைக்காமல், இரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமோ என்ற பயம் வேண்டாம். உதவி செய்தவரைச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது, பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்றும் பார்ப்பதில்லை.

மோதியது நீங்கள் என்றால் ஓடாதீர்கள். கூட்டம் அடிக்க வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சட்டமே அதை யோசித்திருக்கிறது: அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோவது ஓட்டுநரின் கடமை என்று சொல்லும் பிரிவு, கூட்டத்தின் கோபத்தால் முடியாத நிலைக்கு விலக்கும் தருகிறது. அப்போது நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள், 24 மணி நேரம் வரை தள்ளிப்போட வேண்டாம். ஓடிப்போய்க் கேமராவில் சிக்குவதற்கும் தானே வந்து சொல்வதற்கும் வழக்கில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

போலீஸ் நிறுத்தினால் என்னென்ன காட்ட வேண்டும்?

உரிமம் அல்லது எல்.எல்.ஆர்., ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று), காப்பீடு, புகைச் சான்று. டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ இருந்தால் போதும், தாள் வேண்டாம். போலீஸைப் பார்த்ததும் ராங் சைடில் திருப்பிக்கொண்டு ஓடுவதுதான் மிக ஆபத்தானது. 1,000 ரூபாய்க்குப் பயந்து பஸ்ஸுக்கு முன்னால் போய் விழுந்தவர்கள் உண்டு.

காப்பீட்டுத் தேதியை மட்டும் வீட்டில் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது இருசக்கர வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு 5 ஆண்டுக்குச் சேர்ந்தே வரும், அதனால் அது முடிவதே பலருக்கு நினைவிருப்பதில்லை. அண்ணன் ஓட்டிய வண்டி தம்பி கைக்கு வருவதும் ஏறக்குறைய அந்த ஐந்தாவது வருடத்தில்தான்.